கழற்றக்கூடிய கூரையும் அதைப் பிடித்திருக்கும் காந்தமும்

1:87 அளவில் செய்த மாதிரி ரயில் நிலையத்தின் கூரையை, உள்ளே எரியும் விளக்கை மாற்றுவதற்காக அவ்வப்போது கழற்ற வேண்டியிருக்கும். பசை போட்டு ஒட்டினால் கழற்ற வழியில்லை, வெறுமனே வைத்தாலோ மேசை அசையும்போது நகர்ந்துவிடும். 5 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள நியோடிமியம் காந்த வட்டுகளைச் சுவரில் ஒன்றும் கூரையில் ஒன்றுமாகப் பதித்தால் இந்தச் சிக்கல் தீரும்.

இவ்வளவு மெல்லிய வட்டு காந்தமாகவே நீடிப்பது வியப்புக்குரியது. எந்தக் காந்தத்தின் புலமும் அதன் உள்ளேயே எதிர்த்திசையில் செயல்பட்டு அதன் காந்தத்தன்மையைக் குலைக்க முயலும். வட்டு மெலிய மெலிய இந்த எதிர்ப்பு கூடும். அதனால்தான் அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்த்த இரும்புக் கலவையான பழைய அல்னிகோ காந்தங்களை நீண்ட தண்டுகளாகவோ குதிரை லாட வடிவிலோ செய்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே கண்டறிந்த நியோடிமியம், இரும்பு, போரான் சேர்மத்தின் படிகத்திலோ, காந்தத் திசை ஒரே அச்சில் இறுகப் பிணைந்திருப்பதால் அதை எளிதில் திருப்பிவிட முடியாது.

கூரை நன்றாகப் பிடிக்குமா என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் இடைவெளிதான். இரு வட்டுகளுக்கிடையே வட்டின் தடிமன் அளவுக்கு இடைவெளி விழுந்தாலே இழுவிசையின் பெரும்பகுதி போய்விடுகிறது. வண்ணப்பூச்சும் பிதுங்கிய பசையும்கூடக் கணக்கில் சேரும். பிடிப்பு மிகுந்து, தூக்கும்போது பிளாஸ்டிக் சுவர் பெயர்ந்து வருமானால், நடுவில் ஓர் அட்டைத் துண்டை வைத்தே விசையைக் குறைத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் நகராமல் தடுக்கும் விசை நேரான இழுவிசையைவிடக் குறைவு என்பதையும், வட்டின் மேலுள்ள நிக்கல் பூச்சு வழுவழுப்பானது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆகவே நேராகத் தூக்குவதற்குக் கடினமான கூரையும் சிறு தள்ளலில் சறுக்கிவிடும். உட்புறத்தில் ஒரு விளிம்பு ஒட்டி அதைச் சுவருக்குள் பொருந்தச் செய்வது அவசியம்.

துருவம் மாறி ஒட்டிவிட்டால் கூரை உட்காராமல் எழும்பும். ஒரு வட்டைச் சுவரில் ஒட்டிப் பசை காய்ந்தபின், மெல்லிய பிளாஸ்டிக் தாளை இடையில் வைத்து மற்றதை அதன்மேல் தானாக ஒட்டவிட்டு, அதன் முதுகில் எபாக்ஸி பசை தடவிக் கூரையை மூடினால் திசை தவறாது. ஒரு பக்கம் காந்தத்துக்குப் பதில் இரும்பு வாஷர் வைத்தால் துருவக் கவலையே இல்லை, பிடிப்புதான் சற்றுக் குறையும்.

சாதாரண வகை வட்டுகள் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நிரந்தரமாக வலுவிழக்கக்கூடும் என்பதால், விளக்குக் கம்பிகளுக்கு ஈயப்பற்று வைக்கும் வேலையை முதலில் முடித்துவிட வேண்டும். தண்டவாளத்தின் கீழ் ரீட் சுவிட்ச், அதாவது ரயிலில் பொருத்திய காந்தம் அருகில் வரும்போது இயங்கும் சிறு சுவிட்ச், இருந்தால் காந்தத்தை அதற்கு அருகில் பதிக்கக் கூடாது. ரயில் வராமலே அது இயங்கிவிடும்.