குமரியில் விண்வெளி லிஃப்ட் அறுந்தால் எந்தப் பக்கம் விழும்?

விண்வெளி லிஃப்ட் என்றால், தரையிலிருந்து விண்வெளி வரை நீளும் ஒரு வடத்தைப் பிடித்து ஏறும் லிஃப்ட். தொடர் நாவலில் அதைக் கட்டுகிறவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கைத் தாண்டிப் போக முடியாது. 1979இல் வந்த 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலுக்காக அவர் இலங்கையையே 800 கி.மீ. தெற்கே தள்ளி நிலநடுக்கோட்டில் வைத்தார். கதையில் லிஃப்ட் கட்டப்படும் மலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கிக்கொண்டார். காரணம் உண்டு. பூமியோடு சேர்ந்தே சுற்றி ஓரிடத்தின் தலைக்கு மேலேயே நிற்கும் பாதை, நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கி.மீ. உயரத்தில் மட்டும்தான் இருக்கிறது. வடம் அங்கிருந்துதான் தொங்க வேண்டும்.

கதை குமரியில் நடந்தால் ஊரைப் பெயர்க்க வேண்டியதில்லை. கன்னியாகுமரி 8.1 டிகிரி வடக்கில், நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 900 கி.மீ. தள்ளி இருக்கிறது. இங்கேயும் வடத்தைக் கட்டலாம். ஆனால் நட்ட குத்தாக நிற்காது, தெற்கே சாயும். முனைக்குத் தெற்கே திறந்த கடல்தான், எந்த மலையிலும் உரசாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் மட்டும் வேண்டாம். காற்றாலைகளைச் சுழற்றும் காற்று வடத்தையும் ஆட்டிவைக்கும். கடல்மேடையே மேல். 2017இன் ஒக்கிப் புயலை நினைத்தால், அது இடம்பெயரக்கூடிய மேடையாக இருப்பது நல்லது.

ஸ்டீல் உதவாது. சில பத்து கி.மீ. நீளம் தொங்கினாலே தன் எடையில் அறுந்துவிடும். மேலே போகப் போகப் புவியீர்ப்பு குறையும். அது குறையாமல் தரையில் உள்ளபடியே இருப்பதாக வைத்துக் கணக்கிட்டால், தேவைப்படுவது ஏறத்தாழ 5,000 கி.மீ. நீளம் தொங்கினாலும் தாங்கும் பொருள். அதனால்தான் கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய, மிக வலுவான கார்பன் நானோகுழாயைத் தேடி ஓடுகிறார்கள்.

முதல் பாகத்தில் லிஃப்ட்டின் வேகம் மணிக்கு 200 கி.மீ. என்று எழுதிவிட்டால் உச்சிக்கு 179 மணி நேரம், அதாவது ஏழரை நாள் (சனிக்குச் சம்பந்தமில்லை). மூன்றாம் பாகத்தில் நாயகன் விடிவதற்குள் போய்ச் சேர்ந்தால் வாசகர் பிடித்துவிடுவார்.

வில்லன் யாரையாவது தள்ளிவிட்டாலும் உயரத்தைக் கவனிக்க வேண்டும். சுமார் 23,400 கி.மீ.க்குக் குறைவான உயரத்திலிருந்து விழுந்தவர் வளிமண்டலத்தில் எரிந்துபோவார். அதற்கு மேலே என்றால் பூமியைச் சுற்றிக்கொண்டே இருப்பார், அடுத்த பாகத்திலும் திரும்பி வரலாம்.

வடமே அறுந்தால்? அடியில் அறுந்தால், மேல்பகுதி வெளியே இழுப்பதால் முழு வடமும் மேலே போய்விடும். உயரத்தில் அறுந்தால்தான் தொல்லை. தரையில் குமரி நொடிக்கு 460 மீட்டர் வேகத்தில் கிழக்கே போகிறது, 35,786 கி.மீ. உயரத்திலோ அந்த வேகம் சுமார் 3,070 மீட்டர். ஆகவே அறுந்த பகுதி கிழக்கே முந்திக்கொண்டு விழும். குமரியிலிருந்து கிழக்கே முதலில் மன்னார் வளைகுடா, அடுத்தது கிளார்க் நகர்த்திய அதே தீவு.