குதிரைக்கு வயிற்றுவலி: காலைவரை காத்திருக்கலாமா?

"டாக்டர், குதிரை தீனி எடுக்கலை, படுத்துப் படுத்து எழுந்திருக்குது. காலையில வந்தாப் போதுமா?" ராத்திரியில் வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பதிலுக்கு நான் கேட்பது, நாடி எவ்வளவு என்று. எவ்வளவு வலிக்கிறது என்று கேட்பேன் என எதிர்பார்த்தவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். ஆனால் குதிரை காட்டும் வலியை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. சில குதிரைகள் வெறும் வாயுவுக்கே லாயத்தை ரெண்டாக்கிவிடும். குடல் முறுக்கிக்கொண்ட பிறகும் தலையைத் தொங்கப்போட்டுச் சும்மா நிற்கிற மட்டக்குதிரைகளும் உண்டு.

நாய்க்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் கக்கிவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையும் உடம்பைப் பார்க்கச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். குடல் அடைத்துக்கொண்டால் நீரும் வாயுவும் இரைப்பையில் தேங்கி, கடைசியில் அது கிழிந்தே போகலாம். பெருங்குடல் முறுக்கிக்கொண்டால் நமக்குக் கிடைப்பது சில மணி நேரம்.

நாடி பார்ப்பது கஷ்டமில்லை. கீழ்த்தாடை எலும்பின் அடிவிளிம்பில், உட்பக்கமாக விரலை வைத்து உருட்டினால் சணல் கயிறு மாதிரி ஒரு ரத்தக்குழாய் தட்டுப்படும். லேசாக அழுத்தி 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்கும். மட்டக்குதிரைக்குச் சற்றுக் கூடலாம். வயிற்றுவலியோடு 48-ஐத் தாண்டினால் போன் செய்யுங்கள். 60-ஐத் தாண்டி, கால் மணி நேரம் கழித்து எண்ணியும் இறங்கவில்லையா? மணி என்ன என்று பார்க்காமல் வரச் சொல்லுங்கள்.

அப்புறம் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈரமாக, வெளிர்சிவப்பாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி சிவக்கும். ஈறு செங்கல் நிறமாகவோ ஊதாவாகவோ மாறியிருந்தால் நிலைமை மோசம். விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் காதை வைத்தால் கடமுடா சத்தம் கேட்கும். இரண்டு பக்கமும் ஒரு நிமிடம் முழுக்க ஒன்றுமே கேட்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். கடைசியாக எப்போது லத்தி போட்டது என்பதும் வேண்டும்.

புரண்டுகொண்டிருந்த குதிரை திடீரென்று அமைதியாகும். 'வலி விட்டுருச்சு, நீங்க வர வேண்டாம்' என்று போன் வரும். எனக்கு அதிகம் பயம் தருவது இந்தப் போன்தான். உண்மையிலேயே வலி விட்ட குதிரை லத்தி போடும், புல்லைத் தேடும், நாடியும் இறங்கும். இரைப்பையோ குடலோ கிழிந்த குதிரையும் கொஞ்ச நேரம் அமைதியாகத்தான் நிற்கும். ஆனால் உடம்பு வேர்வையில் நனைந்திருக்கும், காது சில்லிட்டிருக்கும், நாடி ஏறிக்கொண்டே போகும்.

ஓமமும் பெருங்காயமும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை மூங்கில் குழாயில் புகட்டுவது இன்னும் போகவில்லை. தயவுசெய்து வேண்டாம். அது நுரையீரலுக்குள் போனால் வயிற்றுவலியோடு நிமோனியாவும் சேரும். நாங்கள் எண்ணெய் கொடுப்பதும் மூக்கு வழியாக இரைப்பைவரை குழாய் விட்டுத்தான். தேங்கிய நீரை முதலில் வெளியே எடுப்பதும் அதே குழாயில்தான். மருந்துக்கடையில் வாங்கிய வலி ஊசியை நீங்களே போடுவதும் ஆபத்து, நோயை மறைத்துவிடும். ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் மருந்தின் பெயரையும் நேரத்தையும் சொல்லுங்கள், திட்ட மாட்டேன். பத்து நிமிடம் மெதுவாக நடத்தலாம். விடிய விடிய நடத்தினால் களைப்புதான் மிச்சம்.

வயிற்றுவலி தவிர, வேறு சிலவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. மூக்கு வழியாகத் தீனியும் நுரையும் வந்தால் தொண்டைக்குக் கீழே உணவுக்குழாய் அடைத்திருக்கிறது. தீனி, தண்ணீர் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு நின்றால் அன்றைக்கே காட்ட வேண்டும். குளம்பில் ஆணி ஏறியிருந்தால், முடிந்தவரை பிடுங்காமல் அப்படியே வைத்திருங்கள், எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்று நாங்கள் பார்க்க வேண்டும். குதிரைக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) எளிதில் வரும், தடுப்பூசி போட்டதா என்றும் சொல்லுங்கள். குட்டி போட்டு 3 மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழவில்லை என்றாலும் அவசரம்தான்.

டாக்டரை எதிர்பார்த்து நிற்கும் நேரத்தில் தீவனத்தை எடுத்துவிட்டு, ஒரு வண்டிக்கும் சொல்லிவையுங்கள். அறுவை சிகிச்சை தேவை என்று தெரிந்த பிறகு, ராத்திரி இரண்டு மணிக்கு குதிரை ஏற்ற லாரி தேடுவது லேசுப்பட்ட வேலையில்லை.