உமி கனலும், தூசி வெடிக்கும்

கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டில் வெகுநாள் உமி அடுப்புதான். தகர அடுப்பின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் உமியை இறுக்கி அடைத்து, பாட்டிலை மெல்ல உருவினால் ஒரு துளை நிற்கும். கீழே பற்றவைத்தால் மணிக்கணக்கில் நிதானமாக எரியும். ரைஸ்மில்லுக்குப் பின்னால் கொட்டிய உமிமேட்டில் நெருப்பு விழுந்தாலோ, மேலே சாம்பல் மூடியிருக்க, உள்ளே நாள்கணக்கில் கனல் கிடக்கும்.

இந்தச் சோம்பேறிப் பொருள்தான் தூசியாகிக் காற்றில் பறக்கும்போது வெடிக்கிறது. குவியலில் வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான் காற்று தாராளம். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தை 0.1 மில்லிமீட்டர் துண்டுகளாக்கினால் பத்து லட்சம் துண்டு வரும். காற்று படும் பரப்பு 6 சதுர சென்டிமீட்டரிலிருந்து 600 ஆகும். ஒவ்வொரு துகளும் கணத்தில் எரிந்து அடுத்ததைப் பற்றவைக்கும். அடைத்த இடமாக இருந்தால் சூடான காற்றுக்குப் போக வழியில்லை. அதுதான் வெடிப்பு.

நிலக்கரிச் சுரங்கத்துக்கு இது பெரிய சாபம். 1906-இல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும், நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயு இல்லாமல் வெறும் கரித்தூசி வெடிக்குமா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் அருகே புரூஸ்டனில் சோதனைக்கென்றே ஒரு சுரங்கம் தோண்டி, 1911-இல் கூட்டத்தைக் கூட்டி வைத்து வெடித்தே காட்டினார்கள். சந்தேகத்தைத் தீர்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

இப்போது ஒவ்வொரு தடவையும் சுரங்கம் தேவையில்லை. 20 லிட்டர் கொள்ளளவுள்ள எஃகு உருண்டை ஒன்று போதும், நம் வீட்டுத் தண்ணீர் கேன் அளவுதான். உள்ளிருக்கும் காற்றில் பாதிக்கு மேல் உறிஞ்சிவிட்டு, பக்கத்துக் குப்பியில் 20 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) காத்திருக்கும் தூசியை உள்ளே பீய்ச்சுவார்கள். சரியாக 60 மில்லிசெகண்ட் கழித்து நடுவில் ஒரு ரசாயனத் திரி வெடிக்கும். முன்பே வெடித்தால் காற்றின் சுழற்சி அதிகம்; தாமதித்தால் தூசி அடியில் படிந்துவிடும். அப்புறம் அழுத்தம் எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு வேகத்தில் உயர்ந்தது என்று பார்க்க வேண்டும். கரித்தூசி 7, 8 பார் வரை தொடும், கார் டயரில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. சுவர் தாங்குமா என்பதை அழுத்தம் சொல்லும், தப்பிக்க நேரமுண்டா என்பதை வேகம் சொல்லும்.

தூசியைக் குறைத்துக்கொண்டே வந்து, எந்த அளவில் வெடிப்பு நிற்கிறது என்றும் பார்ப்பார்கள். எளிதில் பற்றும் கரிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 60 கிராம். அந்த உருண்டைக்குள் என்றால் ஒன்றேகால் கிராம்கூட இல்லை.

இதற்கு மருந்து சுண்ணாம்புக்கல் தூள். சுரங்கச் சுவரெங்கும் தூவி வைத்தால், வெடியின் அதிர்ச்சியில் கரியோடு சேர்ந்து அதுவும் எழும்பி வெப்பத்தை விழுங்கிவிடும். அமெரிக்கச் சுரங்கங்களில் படியும் தூசியில் 80 சதவீதம் எரியாத பொருளாக இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம்பட்டுக் கெட்டிதட்டிய சுண்ணாம்பு எழும்பாது, ஆகவே அதையும் சோதிக்கிறார்கள்.

சுரங்கத்தில் முதல் வெடி பெரும்பாலும் மீத்தேனிடமிருந்து வரும். மன்னார்குடிப் பக்கம் நிலத்தடி நிலக்கரியிலிருந்து மீத்தேன் எடுக்கும் பேச்சு கிளம்பியதிலிருந்து டெல்டாவின் டீக்கடைகளுக்கு அந்தப் பெயர் பழக்கம். சேற்று வயலில் காலை வைத்தால் குமிழி விடுவதிலும் அதுதான் பெரும்பங்கு. திறந்த வெளியில் அது கலைந்துபோகும். சுரங்கக் காற்றில் 5 முதல் 15 சதவீதம் சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும். அந்தச் சின்ன வெடி கீழே படிந்த தூசியையெல்லாம் கிளப்பும், இரண்டாவது வெடிதான் ஆட்களைக் கொல்லும்.

மில்லிலும் இதே கதை. தவிடு ஏற்றும் எலிவேட்டரில் சூடேறிய பேரிங் ஒரு பொறி கொடுத்தால் முதல் வெடி சின்னதாகவே இருக்கலாம். விட்டத்தின் மேல் விரல் கனத்துக்குத் தூசி படிந்திருக்கிறதே, அது அப்போது இறங்கும். அதைத் துடைக்கிறேன் என்று புளோயரை வைத்து ஊதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வெளியே போய் நிற்கத் தோன்றும்.