வேலியில் நின்ற டீசல்

காட்டாமணக்குப் பாலில் குமிழ் ஊதியிருக்கிறீர்களா? இலைக்காம்பைக் கிள்ளினால் பிசுபிசுவென்று பால் வரும், அதை ஏந்தி மெல்ல ஊதினால் சோப்பு நுரைபோலப் பறக்கும், சட்டையில் பட்டால் கறை போகாது, வீட்டில் அடி விழும். ஆடு மாடு வாய் வைக்காது என்பதால்தான் அதை வேலியில் நட்டார்கள். 2000-களில் அந்த வேலிச்செடி ஏக்கர் கணக்கில் வயலுக்குள் வந்தது, ஏனென்றால் அதன் கொட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், அதை டீசலுக்குப் பதில் எரிக்கலாம் என்று நம்பினார்கள்.

அந்த எண்ணெயை அப்படியே இன்ஜினில் ஊற்றினால் என்ன? கொஞ்ச நாள் ஓடும். டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டியாக இருப்பதால் இன்ஜெக்டரால் அதைப் பொடித் தூறலாகத் தெளிக்க முடியாது, பாதி எரிந்து கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். கெட்டியாக இருப்பதற்குக் காரணம் மூலக்கூறின் உருவம்: ஒரு கிளிசரின் காம்பு, அதில் மூன்று நீளமான கொழுப்பு அமில வால்கள். காம்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு வாலிலும் மெத்தனால் என்கிற குட்டி ஆல்கஹாலை ஒட்டினால் அதுதான் பயோடீசல். 100 லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 20 லிட்டர் மெத்தனால், அதில் கரைத்த கொஞ்சம் காஸ்டிக் சோடா, 60 டிகிரி சூடு. (65-ல் மெத்தனால் கொதித்துவிடும், அதன் ஆவி விஷம், தீயும் பிடிக்கும், அடுக்களையில் செய்து பார்க்கிற வேலை இல்லை.) ஒரு மணி நேரம் கலக்கிவிட்டு ஆறவிட்டால் பழுப்புக் கிளிசரின் அடியில் தங்கும், மேலே மஞ்சளாக எரிபொருள். கொட்டையை ஈரத்தோடு மாதக்கணக்கில் மூட்டை கட்டிப் போட்டிருந்தால் மட்டும் தகராறு: எண்ணெயில் அமிலம் தனியாகப் பிரிந்து கிடக்கும், காஸ்டிக் சோடா பட்டதும் அது சோப்பாகிவிடும், முதலில் அமிலத்தைச் சரிக்கட்டிவிட்டுத்தான் மற்றது.

சரி, வேதியியல் இவ்வளவுதான். இடறியது வயலில். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், தரிசிலும் வரும் என்றார்கள், வரத்தான் செய்தது, ஆனால் சாகாமல் நிற்பது வேறு, காய்ப்பது வேறு இல்லையா? ஒரு பெண் பூவுக்கு இருபது ஆண் பூவாவது இருக்கும். காயும் ஒன்றாக முற்றாது, ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், கறுப்பு எல்லாம் தொங்கும், திரும்பத் திரும்ப ஆள் விட்டுக் கையால் பறிக்க வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு 400 கிலோ கொட்டை என்றே வைத்துக்கொள்ளுங்கள், நாலு கிலோவுக்கு ஒரு லிட்டர், மொத்தம் 100 லிட்டர் எண்ணெய். பறிகூலியைக் கழித்துவிட்டு மீதியை நீங்களே பாருங்கள். நிலக்கடலை என்றால் புண்ணாக்காவது மாட்டுக்கு ஆகும், இதில் அதுவும் விஷம், உரத்துக்குத்தான்.

2017-க்குள் டீசலில் 20% பயோடீசல் கலப்பு என்று 2009-ல் கொள்கை வகுத்த மத்திய அரசு, 2018-ல் அதை 2030-க்குள் 5% என்று குறைத்துக்கொண்டது. அதே 2018-ல் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு ஸ்பைஸ்ஜெட் விமானம் காட்டாமணக்கு எரிபொருள் கலந்து பறந்ததும் நிஜம்தான். ஆனால் பயோடீசல்காரர்கள் இப்போது கேட்பது பஜ்ஜி போண்டா பொரித்து மிஞ்சிய எண்ணெயை. அதற்குப் பறிகூலி கிடையாது, ஆனால் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் என்பதால் அங்கேயும் அதே சோப்புத் தகராறு.