ஒரு நிலத்தின் இயல்பும் அதன் மேல் போடும் திட்டமும்: இங்கிலாந்தில் எப்படி இணைக்கிறார்கள்?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷையர் பக்கம், ஹோம் ஃபென் என்ற இடத்தில் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அதைப் புதைத்தபோது அதன் தலை தரைமட்டத்தில் இருந்தது. இன்று ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே தெரிகிறது. சதுப்பு நீரை வடித்து விவசாயம் செய்ததில் கரிய பீட் மண் (மக்காத தாவர எச்சம் சேர்ந்து உண்டான மண்) காய்ந்து சுருங்கி, நிலம் கீழே போய்விட்டது.

ஓர் இடத்துக்குத் திட்டம் போடுகிறவருக்கு அந்த நிலத்தின் இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். அதற்காக அங்கே இருக்கும் முறைதான் லேண்ட்ஸ்கேப் கேரக்டர் அசெஸ்மென்ட். தமிழில் நிலத்தோற்ற இயல்பு மதிப்பீடு எனலாம். பாறை, மண், நீர், மேடுபள்ளம், வயலின் வடிவம், வேலி, வீடு கட்டிய விதம், அங்கே போய் நின்றால் மனதில் படுவது எல்லாவற்றையும் வரைபடத்தில் பார்த்தும் நேரில் நடந்தும் பதிவு செய்கிறார்கள். இங்கிலாந்து முழுவதையும் 159 தேசிய இயல்புப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஹோம் ஃபென் இருக்கும் ஃபென்ஸ் சமவெளி 46ஆவது பகுதி. இந்தப் பகுதிகளை உள்ளாட்சிகள் இன்னும் நுணுக்கமாகப் பிரித்துக்கொள்கின்றன.

இந்த இடம் அழகு, அந்த இடம் சுமார் என்று மார்க் போடுவது இதன் வேலை அல்ல. குறிஞ்சி உயர்ந்தது, நெய்தல் தாழ்ந்தது என்று நாம் சொல்வதில்லையே, அப்படித்தான். 2000ஆம் ஆண்டு ஃபிளாரன்ஸில் கையெழுத்தான ஐரோப்பிய நிலத்தோற்ற உடன்படிக்கையும் சாதாரண நிலம், சீரழிந்த நிலம் எல்லாம் கணக்கில் உண்டு என்கிறது. பிரிட்டன் அதை 2006இல் ஏற்றது.

சரி, இந்த மதிப்பீடு கட்டட அனுமதி தருமா, மறுக்குமா? இரண்டும் இல்லை. மற்ற மதிப்பீடுகளுக்கு அடித்தளமாக இருப்பதில்தான் இதன் பலம். உள்ளாட்சி தன் வளர்ச்சித் திட்டத்தைத் தீட்டும்போது 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலைத்தன்மை மதிப்பீடு செய்கிறது. நிலத்தோற்றம் பாதிக்கப்படுமா என்ற கேள்வி அதில் வரும்போது பதில் இங்கிருந்துதான் எடுக்கப்படும். பெரிய கட்டுமானம் என்றால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிலும் இதே பதிவுதான் தொடக்கப் புள்ளி. சூரிய மின் பண்ணையை எந்தச் சரிவு தாங்கும், எது தாங்காது என்று பார்க்கும் உணர்திறன் ஆய்வும் இதன் மேல்தான் நிற்கிறது.

அப்புறம், பல்லுயிர் நிகர ஆதாயம். 2024 முதல், சில விலக்குகள் தவிர, புதிதாகக் கட்டுகிறவர் அங்குள்ள செடி, விலங்குகளின் வாழிட மதிப்பைக் குறைந்தது 10% கூட்டிக் காட்டி, 30 ஆண்டு பராமரிக்க வேண்டும். கணக்கை மட்டும் பார்த்தால் எங்கே வேண்டுமானாலும் மரம் நட்டு முடித்துவிடத் தோன்றும். ஆனால் ஃபென்ஸின் இயல்பே மறைப்பில்லாத வெளி. ஈலி பேராலயம் பல மைல் தூரத்திலிருந்தே தெரியும். அங்கே கண்ட இடத்தில் மரவரிசை நட்டால் இயல்பும் போகும், பீட் மண்ணும் இன்னும் காயும். நாணல், வாய்க்கால், ஈரப் புல்வெளிதான் பொருத்தம். தெற்கே ஹை வீல்டில் இதற்கு நேர்மாறு. சின்னச் சின்ன வயல்கள், பழங்காடுகள், உயிர்வேலிகள் கொண்ட நாடு அது; அறுபட்ட உயிர்வேலியைச் சேர்த்துக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. 10% என்ற எண் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். அதை எப்படி நிரப்புவது என்பதை நிலத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இயல்பைக் காப்பது என்றால் மாறவே விடாமல் வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஹோம் ஃபென்னைச் சுற்றி கிரேட் ஃபென் திட்டத்தில் வயல்களைத் திரும்ப ஈரமாக்குகிறார்கள். பார்த்துப் பழகிய கரிய வயல் மறைகிறது, உண்மைதான். ஆனால் அந்த மண்ணை நனைக்காமல் விட்டால் அது மேலும் சுருங்கி, உள்ளே பூட்டியிருந்த கார்பனைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும்.

இங்கிலாந்தில் வசிக்கும் நம்மவர்களுக்கு ஒரு விஷயம். திட்ட விண்ணப்பத்துக்குக் கருத்துச் சொல்ல வழக்கமாக 21 நாள் உண்டு. உங்கள் உள்ளாட்சியின் இயல்பு மதிப்பீட்டை அதன் இணையதளத்தில் தேடிப் படியுங்கள். "என் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும்" என்பதை அவர்கள் கணக்கில் எடுக்க மாட்டார்கள். "உங்கள் ஆவணம் இந்தப் பகுதியின் இயல்பு என்று குறித்திருக்கும் திறந்த அடிவானத்தை இந்தக் கட்டடம் மறைக்கிறது" என்று பக்க எண்ணோடு எழுதுங்கள். அதற்கு எடை உண்டு.