ப்ளேயரில் ஓடுகிற டிவிடியை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்

டிவிடி ப்ளேயரில் படம் ஓடினால் டிவிடி நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பழைய கேசட், சிடி, டிவிடிகளைக் கணினிக்கு மாற்றித் தருவதே எனக்குப் பிழைப்பு. ப்ளேயர் எவ்வளவு மூடி மறைக்கும் என்பதைத் தினமும் பார்க்கிறேன். டிவிடியில் ஒவ்வொரு 32 கேபி தகவலோடும் பிழை திருத்தும் குறியீடு சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும். கொஞ்சம் கீறலோ கறையோ இருந்தாலும் ப்ளேயர் அதை வைத்துக் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொண்டு ஓடும். திருத்தவே முடியாத இடம் வந்தால் ஒரு விநாடி படம் கட்டம் கட்டமாகச் சிதறும், பிறகு தாண்டிப் போய்விடும். நாமும் "ஏதோ தூசி" என்று விட்டுவிடுவோம். அந்தக் கட்டங்கள் தெரிய ஆரம்பித்தால் திருத்தும் சக்தி தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

அதே டிவிடியைக் கணினியில் போட்டு காப்பி, பேஸ்ட் செய்து பாருங்கள். படம் ஒரு ஜிபி அளவுள்ள துண்டுக் கோப்புகளாக இருக்கும். அதில் 2 கேபி அளவுள்ள ஒரே ஒரு செக்டரை, அதாவது தகவலின் ஒரு சிறு துண்டைப் படிக்க முடியவில்லை என்றாலும் விண்டோஸ் பிழைச் செய்தி காட்டி, அந்தக் கோப்பையே காப்பி எடுக்காமல் நிறுத்திவிடும். "போன பொங்கலுக்குக்கூட நல்லாத்தானே ஓடுச்சு தம்பி" என்று சொல்லிக்கொண்டே பெரியவர்கள் கடைக்கு வருவது இதனால்தான்.

எதை முதலில் காப்பி எடுப்பது? டிவிடியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பளிச்சென்ற வெள்ளி நிறமாக இருந்தால் அது பெரும்பாலும் தொழிற்சாலையில் அச்சில் அழுத்திச் செய்தது. அதில் தகவல் பள்ளங்களாகவே பதிந்திருக்கும். ஊதா, நீலம், பச்சைச் சாயல் தெரிந்தால் கணினியில் இருக்கும் ரைட்டர் கருவியில் எழுதியது. அதில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப்பூச்சு மட்டுமே. வெயிலும் சூடும் ஈரமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். டிவி மேலேயும் பரணிலும் கார் டேஷ்போர்டிலும் கிடந்தவை முதலில் போகும்.

2000களின் பின்பாதியில் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றபோது வாங்கிக் குவித்த சினிமாக்கள் அச்சு வகை. அவை கொஞ்சம் பொறுக்கும். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, அறுபதாம் கல்யாணம் என்று ஸ்டுடியோக்காரர் எழுதிக் கொடுத்தவை எல்லாம் சாய வகை. சினிமா வேறு எங்காவது கிடைத்துவிடும், உங்கள் தாத்தா நடந்து வரும் காட்சி கிடைக்காது. முதல் இடம் அதற்குத்தான்.

துடைக்கும்போது மெல்லிய பருத்தித் துணியால் நடு ஓட்டையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல், தகவல் ஓடும் தடத்தோடு சேர்ந்தே நீளும். அதைத் திருத்துவது கஷ்டம். பல்பொடி, பற்பசை வைத்தியம் வேண்டாம். சாயம் வெளுத்ததைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. இன்னொன்று, சிடியிலும் விசிடியிலும் தகவல் அடுக்கு மேல் லேபிளுக்கு நேர் கீழே இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதினால் தகவல் மேலேயே எழுதுகிறீர்கள். ஸ்டிக்கரைப் பிய்த்தால் அடுக்கும் சேர்ந்து வந்துவிடும். டிவிடியில் அது இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் இந்த ஆபத்து குறைவு.

இனி காப்பி எடுக்கும் முறை. நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: முதலில் டிவிடியை முழுதாக அப்படியே ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது டிவிடி மொத்தத்தையும் அச்சு அசலாக அடக்கிய ஒரே கோப்பாக எடுங்கள், எம்பி4 ஆக்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நேரடியாக எம்பி4 ஆக மாற்றும் மென்பொருள்கள் கெட்ட இடம் வந்தால் பாதியில் நிற்கும், அல்லது சத்தமில்லாமல் தாண்டிப் போகும். மாற்றும்போது தரமும் குறையும். ஐஎஸ்ஓ கையில் இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம், டிவிடியைத் தொடவே வேண்டாம்.

நல்ல நிலையில் இருக்கும் டிவிடிக்கு இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருள் போதும். அடிபட்டதற்கு லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைத்தான் நான் நம்புகிறேன். அது கெட்ட செக்டரில் முட்டிக்கொண்டு நிற்பதில்லை. எளிதாக வருவதையெல்லாம் முதல் சுற்றில் வாரிக்கொண்டு, வராத இடங்களை ஒரு கணக்குக் கோப்பில் குறித்து வைத்து, பிறகு அவற்றை மட்டும் தேடிப் போகும். இந்தக் கணக்குக் கோப்பின் அருமை எங்கே தெரியும் என்றால், டிவிடியை வேறொரு ரைட்டரில் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு ரைட்டரின் லென்ஸுக்குப் பிடிபடாதது இன்னொன்றுக்குப் பிடிபடுவது சர்வ சாதாரணம்.

கல்யாண டிவிடியில் இன்னொரு வழியும் உண்டு. ஸ்டுடியோவில் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று ஒரே மூலத்திலிருந்து இரண்டு எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒரே இடத்தில் கெட்டிருப்பது அரிது. மொத்த அளவு ஒரு பைட்கூட மாறாமல் ஒன்றாக இருந்தால், முதல் டிவிடியின் ஐஎஸ்ஓவையும் கணக்குக் கோப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாவதைப் போட்டு ஓட்டுங்கள். இங்கே விடுபட்ட தாலி கட்டும் காட்சி அங்கிருந்து வந்து நிரம்பும். சம்பந்தி வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை என்பவர்கள் இதற்காகவாவது ஒரு போன் போடலாம்.

விசிடிக்கு ஐஎஸ்ஓ சரிவராது. அதில் படத் தகவல் வேறு வகை செக்டரில், பிழை திருத்தும் அடுக்கு ஒன்று குறைவாக எழுதப்பட்டிருக்கும். பின் (.bin), க்யூ (.cue) என்ற ஜோடிக் கோப்புகளாக எடுக்க வேண்டும். ஐசோபஸ்டர் என்ற மென்பொருள் இதை நன்றாகச் செய்யும்.

கடையில் வாங்கிய சினிமா டிவிடி வேறு கதை. பலவற்றில் சிஎஸ்எஸ் என்ற பூட்டு இருக்கும். இழுத்துப் போட்டு காப்பி எடுத்தால் கோப்பு வந்த மாதிரி இருக்கும், ஓட்டினால் பச்சையும் சிவப்புமாகக் குப்பை தெரியும். போதாததற்கு, எந்த நாட்டு டிவிடி எங்கே ஓடும் என்று கட்டுப்படுத்தும் வட்டாரக் குறியீடு: இந்தியா, இலங்கை இரண்டும் 5ஆம் வட்டாரம். வெளிநாட்டிலிருந்து வந்த டிவிடிக்காகக் கணினி ரைட்டரின் வட்டாரத்தை மாற்றினால் மொத்தம் 5 முறைதான் அனுமதி. அதன்பின் கடைசியாக வைத்ததோடு நின்றுவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்காதவர் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் எடுத்தாளுவதை மீறலாகக் கருதுவதில்லை. ஆனால் பாதுகாப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பிரிவு பெயர் சொல்லி அனுமதிப்பது கணினி மென்பொருளைத்தான், சினிமாவை அல்ல. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. காசு கொடுத்து வாங்கிய டிவிடியை வீட்டுக்குள் தன் கணினியில் வைத்துக்கொள்வதும், அதை டெலிகிராமில் ஏற்றுவதும் ஒன்றல்ல. காப்பியை வைத்துக்கொண்டு அசலை விற்பதும் நியாயமில்லை.

சட்டம் தடுக்காத காரியத்துக்கென்றாலும், இன்னொருவருக்காகப் பூட்டைத் திறக்க உதவுபவர் அவருடைய பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று அதே 65ஏ சொல்கிறது. சினிமா டிவிடியோடு வருபவர்களை நான் திருப்பி அனுப்புவது இதனால்தான். நூறு ரூபாய்க்கு எந்தப் படத்தையும் பென்டிரைவில் ஏற்றித் தருகிற கடைக்காரர் இதையெல்லாம் படித்திருக்க மாட்டார்.

எம்பி4 ஆக்க ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் போதும், இலவசம். நம் ஊர் கல்யாண டிவிடிகள் பெரும்பாலும் 720க்கு 576 புள்ளி அளவில், ஒரு வரி விட்டு ஒரு வரி பதிந்த படம். அப்படியே மாற்றினால் கை வீசி நடப்பவர் ஓரங்களில் சீப்பின் பற்கள் மாதிரி கோடுகள் தெரியும். டீஇன்டர்லேஸ் வசதியை இயக்கினால் போய்விடும். தரத்துக்கான ஆர்எஃப் எண்ணை 18க்கும் 20க்கும் நடுவில் வையுங்கள். 1080க்குப் பெரிதாக்குவது வீண், கோப்புதான் வீங்கும்.

சேமிக்கும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. 4.3 ஜிபி ஐஎஸ்ஓ, 16 ஜிபி பென்டிரைவில் ஏறவில்லை, பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று வருகிறார்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்திருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறாது. உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறும். ஆனாலும் பல வருடத்துக்கு வைக்க பென்டிரைவ் ஏற்றதல்ல. 1 டிபி ஹார்டு டிஸ்கில் 4.7 ஜிபி டிவிடிகள் ஏறத்தாழ 200 அடங்கும். இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி ஒன்றைத் தம்பி வீட்டிலோ மகள் வீட்டிலோ வையுங்கள். யூடியூபில் போட்டு வைத்தால் போதும் என்பவர்களுக்கு: ஸ்டுடியோக்காரர் பின்னணியில் சினிமாப் பாட்டாகப் போட்டுத் தாளித்திருப்பார், பதிப்புரிமைச் சிக்கலில் சத்தம் நிறுத்தப்படலாம், வீடியோவே முடக்கப்படலாம்.

டிவிடியைத் தூக்கிப் போடாமல் உறையிலேயே நிமிர்த்தி வையுங்கள். கோப்புக்கு "நியூ ஃபோல்டர் 3" என்று பெயர் விடாமல் யார் கல்யாணம், எந்த ஊர், எந்த வருஷம், எத்தனையாவது டிவிடி என்று எழுதுங்கள். வரவேற்பு ஒன்றிலும் முகூர்த்தம் இன்னொன்றிலும் இருக்கும். எது எதில் என்று தெரிந்த ஆள் இப்போது வீட்டில் இருந்தால், கேட்டு அதையும் சேர்த்துவிடுங்கள்.