பொய்க்குரல்: ஃபால்செட்டோவுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஆண் பாடகர் ஒருவர் மேலே ஏறிக்கொண்டே போகிறார். ஓர் இடத்தில் கனமான குரல் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் மெலிதாக, கொஞ்சம் காற்று கலந்து வேறொரு குரல் கேட்கிறது. அந்த மேல் குரலுக்குத்தான் ஃபால்செட்டோ என்று பெயர். மேடைப் போட்டி நடுவர்கள் முதல் யூட்யூபில் பாட்டை அலசுகிறவர்கள் வரை இன்று எல்லோரும் புழங்கும் சொல் இது. தமிழில் எழுதும்போது மட்டும் அதற்கு என்ன போடுவது என்று தெரியாமல் அப்படியே எழுதிவிடுகிறோம்.

சொல் இத்தாலிய மொழியுடையது. 'ஃபால்சோ' என்றால் பொய்யானது. அதோடு சிறுமையைக் குறிக்கும் விகுதி சேர்ந்து 'ஃபால்செட்டோ', அதாவது சின்னப் பொய். ஐரோப்பியத் தேவாலயப் பாடற்குழுக்களில் பெண்கள் பாடத் தடை இருந்த காலத்தில், மேல் பகுதிகளைச் சிறுவர்களோடு வளர்ந்த ஆண்களும் இந்தக் குரலில் பாடினார்கள். பெண்ணின் குரலுக்குப் பதிலாக வந்த குரல் என்பதால் 'பொய்' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது பொருத்தம்தான். பாடுகிறவர் ஏமாற்றுகிறார் என்ற குற்றச்சாட்டு அதில் இல்லை.

தொண்டைக்குள் என்ன நடக்கிறது? சாதாரணமாகப் பேசும்போதும் கனத்துப் பாடும்போதும் குரல்நாண்கள் இரண்டும் தடிப்பாக இருந்து, முழு ஆழத்துக்கும் ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. ஃபால்செட்டோவில் நாணுக்குள் இருக்கும் தசை தளர்ந்துவிடுகிறது. வெளியே இருக்கும் இன்னொரு தசை நாணை நீளமாக இழுத்து மெலிதாக்குகிறது. அப்போது அதிர்வது விளிம்பு மட்டும்தான். நாண்கள் முழுதாக மூடுவதில்லை, மூடினாலும் கணநேரம்தான். அதனால் காற்று கசிகிறது. அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்க வேண்டிய மேல் ஒலிகளும் குறைகின்றன. குரல் மெலிவாகக் கேட்பதற்கு இதுதான் காரணம். பாடும் தொண்டையைக் கண்ணாடி வைத்து நேரில் பார்த்து 1855-இல் ஆய்வுரை அளித்தவர் மானுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர். தொண்டை மருத்துவத்துக்கே அவருடைய கண்ணாடி வழிகாட்டியாக இருந்தது.

இரண்டு குரலுக்கும் நடுவில் ஒரு பொருத்து இருக்கிறது. நம் கர்நாடக இசைக் கணக்கில் சொன்னால், ஒரு கட்டை சுருதியில் (ஹார்மோனியத்தின் C-ஐ ஸ-வாக வைத்து) பாடும் ஆணுக்கு அது மேல் ஸ்தாயிக் காந்தாரம், மத்தியமத்தை, அதாவது மேல் க, ம சுரங்களை ஒட்டி வரும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். நாடகக் கம்பெனிகளில் 'மகரக்கட்டு' என்று அஞ்சினார்களே, பையன்களுக்குக் குரல் உடையும் பருவம், அப்போது குரல் கட்டுப்பாடில்லாமல் தாவுவதும் இந்தப் பொருத்தில்தான். தேர்ந்த பாடகர் தாண்டுவது தெரியாமல் தாண்டுவார், அல்லது தெரியட்டும் என்றே தாண்டுவார். தன்னை மீறி உடைந்தால்தான் குறை.

காவிரிக் கரையில் இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. பாட்டு கற்றவர்கள் 'கள்ளக்குரல்' என்பார்கள், இன்னும் கடுமையாகக் 'கள்ளத்தொண்டை' என்பார்கள். "முழுத்தொண்டையில் பாடு, கள்ளக்குரல் கொடுக்காதே" என்பது மாணவனைத் திருத்தும் வாக்கு. இந்தக் கண்டிப்புக்கு நியாயம் இருக்கிறது. இந்த வட்டாரத்தின் காது நாகசுரத்தில் பழகியது. வீதியுலாவில், திறந்த வெளியில், ஒலிபெருக்கி இல்லாமல் தெருக்கோடி வரை போக வேண்டிய ஓசை அது. மயிலாடுதுறையில் 1910-இல் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் எட்டாத உயரத்தில் நின்றும் கனம் குறையாமல் பாடினார். சீர்காழி கோவிந்தராஜனின் கணீர்க் குரலையும் நாகூர் ஹனிபாவின் திறந்த தொண்டையையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, மேல் பஞ்சமத்தில் ஒருவர் மெலிந்து போனால் ஏதோ மறைக்கிறார் என்றுதான் தோன்றும். அந்த இசைக்கு அந்த அளவுகோல் சரி. ஆனால் மைக்குக்கு முன்னால் முணுமுணுப்பையும் பாட்டாக்கும் பாப் இசையை அதே அளவுகோலால் அளந்தால் தவறான தீர்ப்பே வரும். அங்கே உரத்துப் பாடுவது பல வழிகளில் ஒன்று மட்டுமே.

'கள்ள' என்ற சொல் எப்போதும் வசைதானா என்றும் கேட்கலாம். சம்பந்தர் சீர்காழியில் பாடிய முதல் பதிகத்திலேயே இறைவன் 'உள்ளங்கவர் கள்வன்'தானே! உண்மைதான். கள்ளச் சிரிப்பு என்றாலும் நாம் யாரையும் குற்றம் சொல்வதில்லை. ஆனாலும் கள்ளக்குரல் என்ற தொடர் பாடம் சொல்லும் இடங்களில் கண்டனமாகவே ஊறிப்போய்விட்டது. அதை எடுத்து ஒரு நுட்பத்தின் பெயராக வைத்தால், பாராட்டி எழுதிய வரியும் குற்றம் சொல்வது போலப் படிக்கப்படும்.

என் தேர்வு 'பொய்க்குரல்'. இத்தாலியச் சொல்லின் நேர்ப்பொருள் என்பது ஒரு காரணம்தான். தஞ்சாவூரில் பேர்பெற்ற பொய்க்கால் குதிரை அதைவிடப் பெரிய காரணம். கட்டைக் காலைக் கட்டிக்கொண்டு, குதிரைக் கூட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு ராஜாவும் ராணியுமாக ஆடுகிறவர்களைப் பார்த்து யாரும் ஏமாற்று என்று சொன்னதில்லை. கால் பொய்தான், ஆட்டம் மெய். அந்தப் பொய்க்காலில் நின்று தாளம் தவறாமல் ஆடுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பொய்க்குரலும் இப்படித்தான். தமிழில் 'பொய்' முன்னொட்டாக வரும்போது பழி குறைந்து, 'இயல்பானதன் இடத்தில் வைத்தது' என்ற பொருள் முன்னே வருகிறது. பொய்க்கோபம், பொய்த்தூக்கம் எல்லாம் அந்த வகை. அப்புறம், கள்ளக்குரல் என்ற சொல்லையும் கைவிட வேண்டாம். முழுக்குரலில் எட்ட வேண்டிய சுரத்தை எட்ட முடியாமல் நழுவுகிறவருக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். ஒன்று நுட்பத்தின் பெயர், மற்றது குறையின் பெயர். இரண்டும் தனித்தனியாக இருந்தால்தான் ஒரு பாடகரை நியாயமாக எடைபோட முடியும்.

பீ ஜீஸ் என்ற பாப் இசைக்குழுவின் பாடகர் பேரி கிப்பை எடுத்துக்கொள்வோம். 1975-இல் ஓர் ஒலிப்பதிவில், பாட்டின் முடிவில் சுருதியோடு கத்தச் சொல்லித் தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின் கேட்டபோதுதான் தன்னிடம் இப்படி ஒரு குரல் இருப்பது தெரிந்தது என்று கிப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவருடைய பொய்க்குரலின் பலம் கூர்மை. காற்று அதிகம் கசியாது. துடிப்பான தாளத்திலும் எழுத்துகள் உதிராமல் விழும். குழுவில் இருந்த தம்பிகளின் குரல்கள் கீழே சேரும்போது தனியாக மேலே தெரியும். பலவீனமும் அங்கேதான். ஏறக்குறைய ஒரே கனத்தில் நீள்வதால் சோகத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் நிறம் அதிகம் மாறுவதில்லை. அவருடைய முழுக்குரலில் இருந்த இளகிய காற்றோட்டத்தை இந்தப் புகழ் மறைத்துவிட்டது என்பது என் வருத்தம்.

மைக்கேல் ஜாக்சன் வேறு வகை. 1979-இல் வந்த தன் ஆல்பத்தின் முதல் பாட்டை அவர் ஏறக்குறைய முழுவதும் பொய்க்குரலில் பாடினார். அது கிப்பின் குரலைவிட மெலிது, காற்று கூடுதல். ஆனால் தாளத்தின் மேல் அதை அவர் வைக்கும் விதத்தில் சிறு தயக்கமும் இல்லை. பிற்காலப் பாட்டுகளில் கரகரப்பான முழுக்குரலிலிருந்து ஒரே மூச்சில் மேலே தாவுவதைக் கேளுங்கள். பொருத்தை மறைக்காமல் அதையே ஓர் அலங்காரமாக ஆக்கியிருக்கிறார். அந்த மெலிவில் சில வரிகளின் சொற்கள் கரைந்து போவது உண்மை. அதைக் குறையாகவே எழுதலாம்.

பக்கத்தில் இன்னொரு சொல் குழப்பும்: தலைக்குரல். அதே உயரத்தில் நாண்கள் இன்னும் நெருங்கி மூடி, ஒலி உருண்டு வந்தால் அது தலைக்குரல். எல்லை எங்கே என்பதில் பாட்டு ஆசிரியர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கேட்டு எழுதுகிறவர், காற்று கசிகிறதா இல்லையா என்று பார்த்துச் சொன்னால் போதும்.

எழுதும்போது ஓர் எச்சரிக்கை. 'பொய்க்குரலில் பாடினார்', 'பொய்க்குரலுக்கு ஏறினார்' என்று பெயர்ச்சொல்லாகவே வையுங்கள். வினையாக்கிக் 'குரல் பொய்த்தது' என்று எழுதிவிட்டால் பொருள் புரண்டுவிடும். பொய்த்தல் என்றால் தவறிப்போதல். 'வான்பொய்ப்பினும் தான்பொய்யா' என்று பட்டினப்பாலை காவிரியைச் சொன்னது அந்தப் பொருளில்தான். மேலே போகும்போது உடைந்து, சுருதி விட்டுப்போன குரலுக்கு வேண்டுமானால் 'பொய்த்தது' என்று தாராளமாக எழுதலாம்.